பூஜ்யம், ஒன்று, இரண்டு

இரவு ஒன்பதரைக்கு
ஓஹியோவின் எட்டாம் வகுப்பு
சத்தியவேட்டில் என் மேசைக்கு வந்து சேரும்.
பெயர் இருக்காது. எண் மட்டும்.
ஒரு விடைக்கு நாற்பது நொடி.
பூஜ்யம், ஒன்று, இரண்டு:
மூன்றில் ஒன்றை அழுத்திவிட்டு
அடுத்த பிள்ளைக்குப் போய்விட வேண்டும்.

கொலம்பஸ் எதைத் தேடிப் புறப்பட்டார்?
இந்தியாவுக்கு வழி என்றால் இரண்டு.
வெறும் மிளகு என்றால் ஒன்று.
காணாமல்போன தன் பூனையை, என்று
ஒரு பிள்ளை எழுதியிருந்தது.
பூஜ்யம்தான் போட்டேன்.
விடியும்வரை அந்தப் பூனை
கீழே டீக்கடைப் பலகைக்கடியில் கத்தியது.
தேடப்பட்டவர்கள் நாங்கள்தான் என்று
விடைக்குறிப்பில் எங்கேயும் இல்லை.

பாஸ்டன் கேள்வி வந்தால்
பக்கத்து இருக்கை ஹேமசுந்தரிக்கு ஆறாது.
முந்நூறு பெட்டிக்கு மேலயாம்க்கா,
அத்தனையும் உப்புத்தண்ணியிலயா?
அவளுக்கு ராத்திரி ஒரு மணிக்கு
ஒரு கிளாஸ் டீ இல்லாவிட்டால் தலைவலி.

யார்க்டவுனில் சரணடைந்த படை யாருடையது?
கார்ன்வாலிஸ். சரி.
அப்புறம் அவர் எங்கே போனார்?
அந்தக் கேள்வி தாளில் கிடையாது.
பத்து வருஷம் கழித்து
மொகிலிக் கணவாய் ஏறி
மைசூர்ச் சீமைக்குள் இறங்கினார்.
எங்கள் பெரியம்மாவைக் கொடுத்தது
அந்தக் கணவாயின் அடிவாரத்தில்தான்.
பஸ் அங்கே முக்கி முனகி ஏறும்போது
பீரங்கி இழுத்த மாடுகளை நினைத்துக்கொள்வேன்.
இந்தப் பக்கம் அவர் தோற்கவில்லை.
அதற்கு மதிப்பெண் இல்லை.

இரண்டு மணி சுமாருக்கு
40718 என்ற எண் வந்தது.
லூசியானாவை விலைக்கு வாங்கியதால்
ஏற்பட்ட மாற்றங்கள் இரண்டு கூறுக.
குறிப்பு கேட்பது: பரப்பு இரட்டித்தது,
மிசிசிப்பி கைக்கு வந்தது.
பிள்ளை எழுதியது:
"அங்கே இருந்தவர்கள் காலையில் எழுந்தார்கள்.
அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.
வழக்கம்போல மீன் பிடிக்கப் போனார்கள்."

நாற்பது நொடி போயிற்று.
இன்னொரு நாற்பதும்.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கு வந்தது
அறுபதாம் வருஷம், ஏப்ரல் முதல் தேதி.
தேதியைப் பார்த்து யாராவது சிரித்திருப்பார்களா தெரியாது.
திருத்தணி அந்தப் பக்கம்,
சத்தியவேடு இந்தப் பக்கம்.
பதினைந்து மில்லியன் எல்லாம் இல்லை,
ஆளுக்கு ஆள், குளத்துக்குக் குளம்.
என் வீட்டில் குழம்பு தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு,
சண்டை வந்தால்
எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது.

இரண்டு போட்டேன்.

தரம் பார்க்கிற முனிரத்தினம்
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
குறிப்புல எங்கம்மா இருக்குது இது?
இல்லைங்க சார்.
அப்போ ஏன் ரெண்டு?
நான் பேசவில்லை.
திரையைப் பார்த்தபடியே நின்றார்.
தெலுங்கில் கையெழுத்துப் போடுகிறவர்,
தமிழில்தான் திட்டுவார்.
அன்றைக்குத் திட்டவில்லை.
எந்த ஆறு? என்றார்.
மிசிசிப்பி, சார்.
மீன் இருக்குமா அதுல?
இருக்குமாம். ஆள் உயரத்துக்கு.
ஆரணியாத்துல மணல்தான் இருக்குது,
என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லி
எட்டி, என் இரண்டை ஒன்றாக்கினார்.
இதுக்கே எனக்கு மெயில் வரும், பாரு.

அதன்பின் வரிசையாக
உள்நாட்டுப் போர், ரயில் பாதை,
பங்குச்சந்தை விழுந்த வியாழன்,
நிலவில் பதிந்த செருப்புத் தடம்.
இந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் நின்றால்
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவது தெரியும்.
போன தடவை போய்ப் பார்த்ததற்கு
ஆறு நிமிஷச் சம்பளம் பிடித்தார்கள்.

கடைசித் தாள்.
பனிப்போர் எப்படி முடிந்தது?
"எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்.
இதைப் படிக்கிறவருக்கு
இந்த நாள் நல்லபடி அமையட்டும்."

மணி மூன்று ஐம்பது.
அவர்களுக்கு இன்னும் நேற்றே முடியவில்லை.
பூஜ்யத்தை அழுத்திவிட்டு
வாய்விட்டு நன்றி சொன்னேன்.
எந்த மொழியில் என்று
ஹேமசுந்தரியைத்தான் கேட்க வேண்டும்.
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.